மலைக்குளிரில் ஒளு: உடம்புக்கு முடியாதபோது எதுவரை இறங்கிவரலாம்

டிசம்பர் பிறந்தால் நீலகிரியில் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கமெல்லாம் காலையில் புல் வெளுத்துக் கிடக்கும். ராத்திரி வாசலில் மறந்து வைத்த பக்கெட்டில் மேலாக ஒரு ஐஸ் ஏடு படிந்திருக்கும். இந்தக் குளிரில்தான் சுபுஹுக்கு (வைகறைத் தொழுகைக்கு) எழுந்து ஒளுவுக்காக முகம், கை, கால் கழுவ வேண்டியிருக்கிறது. இளவட்டத்துக்குப் பிரச்சினை இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். சர்க்கரை, ஆஸ்துமா, வாதம், ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள், எழுபதைத் தாண்டிய நன்னிமார்கள் (பாட்டிமார்கள்) என்ன செய்வது?

நம் ஊரில் இதற்கு இரண்டு பதில்தான் நடைமுறையில் இருக்கிறது. ஒன்று, மூச்சு இரைத்தாலும் சரி, விரல் விறைத்தாலும் சரி, பச்சைத் தண்ணீரிலேயே எல்லாவற்றையும் மூன்று மூன்று தடவை கழுவுவது. இன்னொன்று, "உடம்பு சரியில்லை, அல்லாஹ் மன்னிப்பான்" என்று தொழுகையையே விட்டுவிடுவது. இரண்டுக்கும் நடுவில் நாலைந்து படிகள் இருக்கின்றன, மேல்படியில் நிற்க முடியாதவர் அடுத்த படிக்கு இறங்கலாம், நேரே தரைக்குக் குதிக்க வேண்டியதில்லை. இதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இந்தச் சலுகைகள் யாரோ பிற்காலத்தில் இரக்கப்பட்டுச் சேர்த்தவை இல்லை. ஒளு எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்கிற அதே வசனம்தான், அல்மாயிதா 5:6, நோயாளிக்கும் தண்ணீர் கிடைக்காதவருக்கும் தயம்மும் (மண்ணைத் தொட்டு முகமும் கையும் தடவுவது) இருக்கிறது என்கிறது, உங்களைச் சிரமத்தில் ஆழ்த்த அல்லாஹ் நாடவில்லை என்றும் அங்கேயே வருகிறது. ஆக, நோயாளி தயம்மும் செய்வது "குறை ஒளு" கிடையாது. அவருக்கு அதுதான் சட்டம்.

இன்னொரு விஷயம். ஊட்டி, குன்னூர் பள்ளிவாசல்களில் ஒரே ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) ஹனஃபியும் நிற்பார், ஷாஃபியும் நிற்பார், இரண்டும் இரு மத்ஹபுகள், அதாவது மார்க்கச் சட்ட வழிகள். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாள மாப்பிள்ளைமார் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர் வீடுகளும் உருது பேசுகிற வீடுகளும் பெரும்பாலும் ஹனஃபி. சலுகைகளின் நுணுக்கத்தில்தான் இரண்டு மத்ஹபும் அதிகம் பிரிகின்றன. அதனால் வேறுபடும் இடத்தில் இரண்டையும் சொல்கிறேன், சிக்கலான கேஸுக்கு உங்கள் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுவிடுங்கள்.

எது சிரமம், எது கேடு

சிரமமான நேரத்திலும் ஒளுவை முழுமையாகச் செய்வது அந்தஸ்தை உயர்த்தும் என்று முஸ்லிம் நூலில் ஒரு ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. குளிர்காலம் வந்தால் போதும், எல்லோர் வாயிலும் இதுதான். ஹதீஸ் சரி, அதை வைத்து ஆஸ்துமாக்காரரை மிரட்டுவதுதான் தப்பு. குளிர் சுருக்கென்று குத்துவது சிரமம். தண்ணீர் பட்டதும் மூச்சுக்குழல் இறுகுவது, புண் ஆறாமல் போவது, இருக்கிற நோய் கூடுவது, இதெல்லாம் கேடு. சிரமத்தைத் தாங்கினால் நன்மை, கேட்டைத் தேடிப் போகச் சொல்லி எங்கேயும் இல்லை.

அபூதாவூது ஹதீஸ் நூலில் ஒரு சம்பவம் வருகிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்லடி பட்டுக் காயம். அவருக்குக் குளிப்பு (தாம்பத்தியம், ஸ்கலிதம் போன்றவற்றுக்குப் பின் செய்தாக வேண்டிய முழுக்குளியல்) கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உனக்குச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு வந்தபோது, "அவரைக் கொன்றுவிட்டார்களே" என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு ஃபத்வா சொல்லும் பேரன்மார்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

குளிருக்கே நேரடியான சம்பவமும் உண்டு. தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடுங்குளிர் இரவில் குளிப்பு கடமையாகிவிட்டது. குளித்தால் செத்துவிடுவோம் என்று பயந்து, தயம்மும் செய்து சுபுஹு தொழவைத்தார். திரும்பி வந்ததும் நபி (ஸல்) விசாரித்தார்கள். "உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள்" என்ற வசனத்தை (4:29) நினைத்தேன் என்றார். நபி (ஸல்) சிரித்தார்கள், வேறு எதுவும் சொல்லவில்லை.

மருத்துவரிடம் கேட்கும் முறை

"டாக்டர், நான் ஒளு செய்யலாமா?" என்று கேட்டால் பாதிப் பேருக்கு நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்றே தெரியாது. பயந்துபோய் "எதுக்கு ரிஸ்க், வேண்டாம்" என்றுவிடுவார்கள். கேள்வியை உடைத்துக் கேளுங்கள்:

- எந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது? அந்த இடத்தில் மட்டுமா, சுற்றியுமா?
- எத்தனை நாளைக்கு?
- பச்சைத் தண்ணீர்தான் ஆகாதா, வெதுவெதுப்பானதும் ஆகாதா?
- தண்ணீர் ஊற்றாமல், கையை நனைத்து மேலாகத் தடவினால் பரவாயில்லையா?
- ஒரு நாளைக்கு ஐந்து முறை என்றால்?

இந்தப் பதில்களோடு ஹஜ்ரத்திடம் போனால் அவருக்கும் வேலை சுலபம். என்ன கேடு என்பதை டாக்டர் சொல்வார், அதற்கு என்ன சட்டம் என்பதை ஹஜ்ரத் சொல்வார். ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்கும்போதுதான் குழப்பமே. புதிதாகக் கேட்க ஆளில்லாத நேரத்தில், போன குளிர்காலத்தில் இப்படிச் செய்து படுத்துவிட்டோம் என்ற சொந்த அனுபவத்தையும் ஆலிம்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் படி: தண்ணீரைச் சூடாக்குங்கள்

முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் படியிலேயே காரியம் முடிந்துவிடும். வெந்நீரில் ஒளு எடுத்தால் நன்மை குறையும் என்று ஒரு பேச்சு எப்படியோ பரவியிருக்கிறது. உமர் (ரலி) சூடான தண்ணீரில் ஒளு செய்ததாகப் புகாரி ஹதீஸ் நூலிலேயே குறிப்பு வருகிறது.

சுபுஹு நேரத்தில் யார் எழுந்து அடுப்பு பற்றவைப்பது என்பதுதான் எஸ்டேட் லைன் வீடுகளில் உள்ளவர்களின் கேள்வி. கெய்சர் கிடையாது, கரண்டும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் போதும். நபி (ஸல்) ஒரு 'முத்து' (பழைய அரபு அளவை) தண்ணீரில் ஒளு செய்தார்கள், அது இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்குப் பக்கம். ராத்திரி இஷா முடிந்து படுக்கும் முன் கொதிக்கக் கொதிக்க ஃபிளாஸ்கில் ஊற்றி மூடிவிடுங்கள். காலையில் ஒரு மக்கில் முதலில் பச்சைத் தண்ணீர் பாதி, அதன்மேல் ஃபிளாஸ்க் தண்ணீர், இந்த வரிசையில் கலக்குங்கள், முதலில் வெந்நீரை ஊற்றிவிட்டுக் கை வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். முகத்துக்கு ஒரு உள்ளங்கை, வலது முழங்கைக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று, ஈரக்கையால் தலை, மிச்சத்தைக் காலில் சொம்பால் ஒழுகவிட்டால் ஒரு மக் தண்ணீரில் அடி தெரியாது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிற பழக்கத்தில்தான் ஒளுவுக்கு ஒரு பக்கெட் தேவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கழுவினதும் அந்த உறுப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போகலாம். ஹனஃபியிலும் ஷாஃபியிலும் இடைவெளி விடாமல் தொடர்ந்து கழுவுவது சுன்னத்துதான் (செய்தால் நன்மை, கட்டாயமில்லை), சிறுநீர் சொட்டு மாதிரி நிற்காத உபத்திரவம் உள்ளவருக்கு மட்டும் ஷாஃபியில் தொடர்ந்து செய்ய வேண்டும். அதனால் முகம் கழுவித் துடைத்து மப்ளரைச் சுற்றிக்கொண்டு அப்புறம் கைக்குப் போனால் ஒளு கெடாது. கழுவிவிட ஆள் இருந்தால் உதவி வாங்குவதிலும் குற்றமில்லை. முகீரா (ரலி) தண்ணீர் ஊற்ற நபி (ஸல்) ஒளு செய்திருக்கிறார்கள்.

சூடாக்குவதிலும் உயிருக்கு ஆபத்தான இரண்டு சமாச்சாரம் உண்டு. ஜன்னலைச் சாத்திய பாத்ரூமில் கேஸ் கெய்சர், அடைத்த அறைக்குள் கரி அடுப்பு. இரண்டிலும் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். குளிருக்குக் கரி மூட்டிப் படுத்துச் செத்துப்போன செய்தியை மலையில் இருக்கிற யாரும் கேள்விப்படாமல் இருக்க முடியாது. கேஸ் கெய்சரும் சிலிண்டரும் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும், காற்று போகிற வழியை அடைக்காதீர்கள். ராடு ஹீட்டர் போட்டால் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணீரில் கை.

இரண்டாம் படி: பர்ளோடு நிறுத்துங்கள்

ஒளுவில் கட்டாயம் (பர்ளு) கொஞ்சம்தான். ஹனஃபியில் நான்கு: முகம், முழங்கை உட்பட இரண்டு கை, தலையில் கால் பாகம் தடவுவது, கணுக்கால் உட்பட இரண்டு கால். ஷாஃபியில் இதோடு நிய்யத்தும் (மனதில் எண்ணிக்கொள்வது) வரிசையும் சேர்ந்து ஆறு, தலையில் கொஞ்சம் தடவினாலே போதும். வாய் கொப்பளிப்பது, மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது, காது தடவுவது, மூன்று மூன்று தடவை கழுவுவது, இவை ஒளுவில் சுன்னத்து. ஒரே தடவை கழுவினாலும் ஒளு கூடிவிடும்.

அதனால் கீமோ எடுத்து வாயெல்லாம் புண்ணாக இருக்கிறவர் கொப்பளிக்க வேண்டாம். சைனஸ் குத்துகிறவர் மூக்குக்குள் ஏற்ற வேண்டாம், நல்ல உடம்புக்காரரும் ஆழமாக உறிஞ்சத் தேவையில்லை. மூக்கு விஷயத்தில் ஒன்று: பக்கத்துக் கேரளத்தில் கொஞ்ச வருஷமாக அமீபா மூளைக்காய்ச்சல் வருகிறது, அந்தக் கிருமி வெதுவெதுப்பான நன்னீரில் வளர்ந்து மூக்கு வழியாக ஏறுவது, குடித்தால் வருவதில்லை. ஊட்டிக் குளிர் அதற்கு ஒத்துவராது. ஆனால் கூடலூர், பந்தலூர் தாழ்வான இடம், வெயிலில் காய்கிற டேங்க், கழுவாத தொட்டி என்றால் மூக்குக்கு ஆறவைத்த கொதிநீரோ குளோரின் போட்ட தண்ணீரோ நல்லது.

மூன்றாம் படி: காலுறை

எனக்குத் தெரிந்து மலையில் இருக்கிறவர்கள் அநியாயத்துக்குப் பயன்படுத்தாத சலுகை இதுதான். முழு ஒளுவோடு தோல் காலுறையை (குஃப்பு) மாட்டிக்கொண்டால், அடுத்தடுத்த ஒளுவில் காலைக் கழுவ வேண்டாம், ஈரக்கையால் காலுறையின் மேல்பக்கம் தடவினால் போதும். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. நோயாளிக்கு மட்டுமில்லை, யாருக்கும் உண்டு.

1. ஒளு முழுசாக முடிந்த பிறகே மாட்டுங்கள்.
2. கெடு மாட்டிய நேரத்திலிருந்து இல்லை, மாட்டிய பிறகு முதன்முதலாக ஒளு முறிந்த நேரத்திலிருந்து ஓடும். லுஹருக்கு (மதியத் தொழுகைக்கு) ஒளு எடுத்து மாட்டி, மாலை 5 மணிக்கு முறிந்தால் மறுநாள் மாலை 5 வரை.
3. விரல்களை விரித்து, கால் நுனியிலிருந்து கெண்டைக்கால் பக்கமாக ஒரு இழுப்பு. அடிப்பக்கம் மட்டும் தடவினால் கூடாது.
4. கழற்றினாலோ கெடு முடிந்தாலோ, ஒளு இருந்தால் காலை மட்டும் கழுவினால் போதும்.
5. குளிப்பு கடமையானால் கழற்றியே ஆக வேண்டும்.

காலுறை கணுக்காலை மூட வேண்டும், கிழிசல் இருக்கக் கூடாது, போட்டுக்கொண்டு நடக்கத் தாங்க வேண்டும். மார்க்கெட்டில் விற்கிற சாதா நைலான், காட்டன் சாக்ஸில் ஹனஃபியும் ஷாஃபியும் அனுமதிப்பதில்லை. தண்ணீர் இறங்காத தடித்த சாக்ஸைப் பற்றி ஆலிம்களிடம் கருத்து வேறுபாடு உண்டு, ஊட்டியில் பின்னி விற்கிற கம்பளி சாக்ஸ் அந்த வகையில் சேருமா என்று காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சென்னை, மதுரையிலிருந்து சுற்றிப்பார்க்க வருகிறவருக்கு மூன்று நாள் கணக்கு பிரச்சினை இல்லை. கோவைக்காரருக்குத்தான் வழக்கு, சாலை வழியே 85 கிலோமீட்டர் பக்கம் வருவதால் பயணி என்று கணக்கில் வரும் தூரத்தின் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறார்.

சர்க்கரை நோயாளி காலுறை போட்டால் ஒவ்வொரு நாளும் கழற்றும்போது பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். ஈரத்தோடு மாட்டக் கூடாது.

நான்காம் படி: கட்டும் காயமும்

கை ஒடிந்து மாவுக்கட்டு, தையல் போட்ட இடம், தீக்காயம். இங்கே பலரும் நேரே தயம்முமுக்குப் போய்விடுகிறார்கள், பாதி உடம்பு நன்றாக இருக்கும்போதும்கூட. நல்லாயிருக்கிற பாகத்தைக் கழுவும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

ஹனஃபி முறையில், கழுவ முடிந்ததைக் கழுவி, கட்டின் பெரும்பகுதியை ஈரக்கையால் தடவினால் போதும், தயம்மும் சேர்க்க வேண்டாம். தடவுவதே கேடு என்றால் அதையும் விட்டுவிடலாம். கட்டுப் போடும்போது ஒளுவோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. உறுப்புகளில் பெரும்பாலானவை காயப்பட்டிருந்தால் தயம்மும் மட்டும்.

ஷாஃபி முறையில் மூன்று வேலை: நல்ல பாகத்தைக் கழுவுவது, கட்டின் மேல் தண்ணீரால் தடவுவது, கழுவ முடியாமல் போன இடத்துக்காக ஒரு தயம்மும். ஒளுவில் அந்த உறுப்பின் முறை வரும்போது தயம்மும் செய்ய வேண்டும். கட்டு இல்லாத திறந்த காயம் என்றால் அதன்மேல் தண்ணீர் தடவ வேண்டாம், சுற்றிக் கழுவி தயம்மும் செய்தால் போதும். கட்டு முகத்திலோ கையிலோ இருந்தால், அல்லது ஒளு இல்லாமல் போட்டதாக இருந்தால், அந்தத் தொழுகைகளைப் பின்னால் திரும்பத் தொழச் சொல்கிறார்கள். அவசரப் பிரிவில் கொண்டுபோய்ப் போட்டால் யார் ஒளுவோடு இருப்பார்? ஆனாலும் நூலில் உள்ளது இது, உங்கள் நிலையைச் சொல்லி ஹஜ்ரத்திடம் ஒரு முடிவு வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்புரை ஆபரேஷன் தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் ஒரு வயசுக்கு மேல் வீட்டுக்கு ஒருவருக்கு நடக்கிறது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாள்வரை முகத்தில் தண்ணீரை அடிக்காதீர்கள். உட்கார்ந்து, தாடை, கன்னத்தின் கீழ்ப்பகுதி, ஆபரேஷன் இல்லாத பக்கம், இவற்றை உள்ளங்கைத் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். நெற்றியைக் கழுவ முடியுமானால் தலையைப் பின்னால் சாய்த்து வேறொருவர் ஊற்ற வேண்டும். கண்ணைச் சுற்றின மிச்சத்துக்கு ஹனஃபி ஈரவிரலால் தடவுவார், ஷாஃபி தயம்மும் சேர்ப்பார். அந்த தயம்முமில் மண் தூசி கண்ணுக்கு வரக்கூடாது, அதற்கு வழி கீழே இருக்கிறது.

ஐந்தாம் படி: தயம்மும்

தண்ணீர் இல்லாதபோதும், இருந்தும் பயன்படுத்தினால் நோய் வரும், கூடும், ஆறத் தாமதமாகும் என்ற நிலையிலும் தயம்மும். செய்முறை சுருக்கமானது: நிய்யத்து, கையை மண்ணில் தட்டி முகம் தடவுவது, இன்னொரு முறை தட்டி இரண்டு கையும் முழங்கை உட்படத் தடவுவது. ஹனஃபி, ஷாஃபி இரண்டிலும் இப்படித்தான். அம்மார் (ரலி) வழியாக வரும் ஹதீஸில் ஒரே தட்டில் முகமும் மணிக்கட்டு வரை கையும் என்றும் இருக்கிறது, அதைப் பின்பற்றுகிறவர்களும் உண்டு. குளிப்புக்குப் பதிலானாலும் ஒளுவுக்குப் பதிலானாலும் இதே செய்முறைதான், உடம்பெல்லாம் மண் பூச வேண்டியதில்லை.

மண் விஷயம்தான் மலையில் தகராறு. ஷாஃபிக்குத் தூசி எழும்புகிற சுத்தமான மண் வேண்டும். ஹனஃபிக்குக் கல், மணல், செங்கல் என்று பூமி இனத்தில் எதுவும் ஆகும், தூசி இல்லாவிட்டாலும் சரி. ஆனால் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் உலர்ந்த மண்ணுக்கு எங்கே போவது? அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதனால் மார்ச், ஏப்ரல் வெயிலிலேயே தயார்செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்து மண் வேண்டாம், அதில் கோழி எருவும் சாணியும் கலந்திருக்கும், நஜீஸ் (அசுத்தம்) கலந்த மண்ணில் தயம்மும் கூடாது. தேயிலைத் தோட்டத்திலும் உரமும் மருந்தும் அடிப்பார்கள். ஆள், ஆடுமாடு நடமாட்டம் இல்லாத ஒரு மேட்டைச் சுரண்டினால் உள்ளே சிவப்பாகச் செம்மண் வரும். அதை எடுத்து, வேரும் கல்லும் பொறுக்கி, தாளில் பரப்பி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, மாவுச் சல்லடையில் சலித்தால் குங்குமம் மாதிரி மெல்லிசாக விழும். மூடி இறுக்கமான பழைய பிஸ்கட் டின்னில் அரை விரல் உயரத்துக்குப் போட்டு வைத்தால் ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் மடியில் வைத்துத் தட்டலாம். எண்ணெய்ப் பெயின்ட் அடித்த ஆஸ்பத்திரிச் சுவரில் தட்டுவதைவிட இது நிம்மதி.

தட்டினதும் கையைத் தலைகீழாகப் பிடித்து விரலோடு விரலை மோதி மிச்சத் தூசியை உதறுங்கள். நபி (ஸல்) அம்மாருக்குச் செய்து காட்டும்போது கையை ஊதிக்கொண்டார்கள், அதனால் முகமெல்லாம் மண்ணாக வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். ஆஸ்துமாக்காரர் தட்டுவதற்கு முன் மூச்சை அடக்கி, உதறும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கண் ஆபரேஷன் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் உதறிவிட்ட கையால் தடவச் சொல்லலாம்.

ஷாஃபியில் தொழுகை நேரம் வந்த பிறகுதான் தயம்மும், ஒரு தயம்முமில் ஒரு பர்ளுதான், சுன்னத்து எத்தனையும் தொழலாம். ஹனஃபியில் முறியாதவரை எத்தனை நேரமும் தொழலாம்.

குளிருக்காக மட்டும் தயம்மும் செய்கிறவர் ஒன்று கவனிக்க வேண்டும். வீட்டில் அடுப்பும் பாத்திரமும் இருந்தால் இந்தப் படிக்கு வர வழியில்லை, முதல் படிக்கே திரும்புங்கள். தண்ணீரைச் சூடாக்க நிஜமாகவே வழியில்லை, பட்டால் உடம்புக்குக் கேடாகிவிடும் என்றால் தயம்மும் செய்து தொழலாம், ஷாஃபியில் அதைப் பின்னால் களா செய்ய (திரும்பத் தொழ) வேண்டும். ஹனஃபியில் இந்தக் குளிர்ச் சலுகையைப் பெரும்பாலும் கடமையான குளிப்புக்குத்தான் சொல்கிறார்கள், சாதா ஒளுவுக்கு இல்லை. நான்காம் படியில் சொன்ன ஷாஃபி கட்டு விஷயத்தைத் தவிர, நோயால் செய்யும் தயம்முமுக்கு இந்தக் களாப் பேச்சே கிடையாது. கேம்புக்குக் காட்டுப் பக்கம் போகிற பசங்கள் ஒரு சின்ன கேஸ் ஸ்டவ் எடுத்துப் போனால் இந்த விவாதமெல்லாம் மிச்சம்.

குளிப்பு கடமையானால்

ராத்திரி 1 மணிக்கே எழுந்து தலையோடு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒளு எடுத்துக்கொண்டு தூங்கலாம், சுபுஹுடைய நேரம் போகாமல் குளித்தால் போதும். மூன்று நான்கு லிட்டர் வெந்நீரில் குளிப்பு முடியும், நபி (ஸல்) ஒரு ஸாஃ (நான்கு முத்து) முதல் ஐந்து முத்து வரை தண்ணீரில் குளித்தார்கள். ஹனஃபிக்கு இங்கே வாய் கொப்பளிப்பதும் மூக்கும் பர்ளு, மறக்க வேண்டாம்.

மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் முதலில் தலையை மட்டும் வெந்நீரில் கழுவி, நன்றாகத் துவட்டி, துணி கட்டிக்கொண்டு, அப்புறம் மேலுக்கு ஊற்றலாம். ஈரத்தலையோடு நிற்கும் நேரம் பாதியாகக் குறையும். பிரஷர், நெஞ்சுவலி உள்ளவர்கள் தலையில் திடீரென்று பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ரத்தக்குழாய் இறுகிப் பிரஷர் ஏறும், காலிலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள்.

பெண்கள் சடையை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டதற்கு, வேண்டாம், தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நபி (ஸல்) பதில் சொன்னார்கள். மயிர்க்காலுக்குத் தண்ணீர் போக வேண்டும். இறுக்கிப் பின்னி உள்ளே தண்ணீர் இறங்காவிட்டால் ஷாஃபியில் அவிழ்க்கத்தான் வேண்டும். தலையில் மட்டும் கேடு என்று டாக்டர் சொல்லியிருந்தால் மேலுக்கு ஊற்றி, தலைக்கு நான்காம் படியில் சொன்ன முறை.

சில நோய்களுக்குத் தனியாக

சர்க்கரை: காலில் உணர்வு குறைந்தவருக்குச் சூடு தெரியாது. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு தொழப்போய், ஸுஜூதிலிருந்து எழும்போது தரையில் ஈரம் பார்த்துத்தான் கொப்புளம் உடைந்தது தெரிந்தது என்று ஒரு பெரியவர் சொன்னார். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பாருங்கள், முடிந்தால் வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவினபின் விரல் இடுக்கைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பாதத்துக்குக் கிரீம் போடலாம், இடுக்கில் வேண்டாம்.

கைவெடிப்பு, எக்ஸிமா: சோப்பு வேண்டாம், ஒரே தடவை கழுவி உடனே வாஸ்லின் தடவுங்கள். எண்ணெய்ப் பசை ஒளுவைத் தடுக்காது, தண்ணீர் தோலில் ஓடினால் போதும். மெழுகு, நகப்பாலிஷ், பெயின்ட் மாதிரி தோலை மூடுகிறதுதான் தடுக்கும்.

குளிரில் விரல் சிவந்து வீங்கி அரிப்பவர்கள் கழுவின கையை நெருப்பில் காட்டாதீர்கள், துடைத்துக் கம்பளிக் கையுறை போடுங்கள். டயாலிசிஸ் டியூப் கழுத்திலோ நெஞ்சிலோ இருந்தால் ஒளுவில் பிரச்சினை இல்லை, அது ஒளு உறுப்பு கிடையாது. குளிப்பில்தான் அந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும். காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் குளிக்கும்போது வாஸ்லின் தடவின பஞ்சு, ஒளுவில் காது தடவுவதை விட்டுவிடுங்கள்.

சிறுநீர் சொட்டுகிறவர், கதீட்டர் போட்டவர், நிற்காத உதிரப்போக்கு உள்ள பெண்: சுத்தம் செய்து, பேடு வைத்து, நேரம் வந்ததும் ஒளு எடுத்துத் தொழுங்கள். நடுவில் சொட்டினாலும் தொழுகை கூடும். ஹனஃபியில் அந்த வக்து (தொழுகை நேரம்) முடியும்வரை ஒரே ஒளு, ஷாஃபியில் ஒவ்வொரு பர்ளுக்கும் ஒன்று. அசையவே முடியாமல், தண்ணீருக்கும் மண்ணுக்கும் வழியில்லாமல் ஐ.சி.யு.வில் கிடப்பவருக்கும் தொழுகை உண்டு, இருக்கிற நிலையிலேயே, பிறகு களா பற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.

வஸ்வாஸ் நோயா என்று கேட்பார்கள். கழுவின கையைப் படவில்லையோ படவில்லையோ என்று இருபது முறை கழுவி, தோல் உரிந்து, ரக்அத்து தப்பிப்போகிறவருக்கு அது நோய்தான். ஒளு முடிந்த பிறகு வருகிற சந்தேகத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதுதான் சட்டம். இவருக்குச் சலுகை என்பது ஒரு மக் தண்ணீரை அளந்து வைத்து, அது தீர்ந்ததும் எழுந்துவிடுவது. அப்படியும் முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பள்ளிவாசல் கமிட்டிக்கு

குளிர்கால வசூலில் ஒரு பங்கை ஒளுவிடத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு குழாய்க்காவது வெந்நீர் லைன், பாசி பிடிக்காத சொரசொரப்பான தரை, உட்கார்ந்து எழப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, குனிய முடியாதவருக்கு உயரமான ஸ்டூல் ஒன்று, காலைத் தூக்க முடியாதவருக்கு ஒரு கைக்குழாய். ஹவுழுக்குள் (ஒளு எடுக்கும் தொட்டிக்குள்) காலை விட்டுக் கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள், சேற்றுப்புண் இருக்கிறவர் காலும் அதே தண்ணீரில்தான் நனைகிறது. டேங்க்கை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுங்கள். சலித்த செம்மண் டின் ஒன்று மோதினார் அறையில் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுத்தனுப்பலாம்.